மீன் கழிவு: கால்வாய்க்குப் போகும் முன் தராசுக்குப் போகட்டும்

வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ வட்டாரத்தில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் மீன் இறங்கும் துறை. இரண்டுக்கும் இடையே குடியிருப்பவர்களும் தொழில் செய்பவர்களும் மீன் பதனிடும் கொட்டகைகளின் கழிவு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இம்மாதம் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தோட்டக் குடியிருப்புக்குப் பின்னால் மீன் உருண்டை செய்யும் கொட்டகை ஒன்று இருக்கிறது. காலையில் லோங்கானில் (கழிவுநீர்க் கால்வாயில்) நுரையும் இரத்தத் தண்ணீருமாக ஓடுகிறது. கேட்டால், "நாங்கள் சின்ன கம்பெனி, அந்தச் சட்டமெல்லாம் பெரிய ஆலைக்குத்தான்" என்கிறார் தவுக்கே (முதலாளி). உண்மையா? யாரிடம் புகார் செய்வது? (வாசகி, ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: அவர் சொல்வதில் பாதிதான் உண்மை, அம்மா. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் தொழிற்சாலைக் கழிவுநீருக்கென்று 2009இல் விதிமுறைகள் வந்தன. நாளுக்கு 60 கன மீட்டருக்கும் குறைவாகக் கழிவுநீர் விடும் சிறு தொழில்களுக்கு அதில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் தண்ணீர் குறைவு என்பதற்காக மட்டும் அது கிடைத்துவிடாது. அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் வரும். பிஓடி சுமையோ மிதக்கும் திடப்பொருளின் சுமையோ நாளுக்கு 6 கிலோவைத் தாண்டினால் "சின்ன கம்பெனி" என்ற பேச்சு எடுபடாது.

பிஓடி என்பது கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் ஆக்ஸிஜனின் அளவு. அது ஏறினால் ஆற்றில் மீனும் இறாலும் மூச்சுத் திணறிச் சாகும். ஒரு கொட்டகை நாளுக்கு 8 கன மீட்டர் தண்ணீர்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிஓடி லிட்டருக்கு 1,500 மில்லிகிராம் இருந்தால் சுமை 12 கிலோ, அதாவது விலக்கு வரம்பைப் போல இரண்டு மடங்கு. மீன் குடல் கழுவிய தண்ணீரில் 1,500 என்பது அரிய எண்ணே அல்ல.

விதிமுறைகளுக்குள் வரும் ஆலைகளுக்கு இரண்டு தரங்கள் உண்டு. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்புறத்தில் இருந்தால் 'ஏ' தரம்: பிஓடி 20, மிதக்கும் திடப்பொருள் 50, எண்ணெய்–கொழுப்பு 1. மற்ற இடங்களுக்கு 'பி' தரம்: பிஓடிக்குச் சற்றுத் தளர்ந்த வரம்பு, திடப்பொருள் 100, எண்ணெய்–கொழுப்பு 10. எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. இந்தச் சட்டத்தை 2024இல் திருத்தியபோது சில குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 1 கோடி ரிங்கிட் வரை உயர்த்தினார்கள்.

புகாரை இரண்டு இடத்தில் கொடுங்கள். கழிவுநீருக்குச் சுற்றுச்சூழல் துறை. கால்வாய் அடைப்பு, குப்பை, நாற்றம் இவற்றுக்கு உங்கள் ஊராட்சி மன்றம். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் பேராக்கில் நடைமுறைக்கு வராததால், இங்கே 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டமும் 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும்தான் மன்றத்தின் கையில் இருக்கும் ஆயுதங்கள். "நாற்றம் தாங்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் குழாயிலிருந்து வருகிறது, என்ன நிறம், அந்தக் கால்வாய் எந்த ஆற்றில் விழுகிறது என்று நான்கைந்து நாள் குறித்து, குழாய் வாய் தெரியும் படத்தோடு அனுப்புங்கள். கழுவும் நேரம் தெரிந்தால்தான் அதிகாரி அந்த நேரத்துக்கு வந்து மாதிரி எடுக்க முடியும். மத்தியானம் வந்து பார்த்தால் கால்வாய் காய்ந்து கிடக்கும்.

கேள்வி: நாளுக்கு ஒன்றரை டன் கெரிசி மீன் வாங்கி, சதை எடுத்து மீன் உருண்டை போடுகிறோம். சுத்திகரிப்புச் சாதனத்துக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது. முதலில் எதைச் செய்வது? (சிறுதொழில் நடத்துபவர், பாகான் டத்தோ)

பதில்: முதலில் ஒரு தராசும் ஒரு நோட்டும். உள்ளே வரும் மீனை, ஐஸ் தண்ணீரை வடியவிட்டு நிறுங்கள். இல்லையென்றால் தண்ணீரையும் மீன் என்று எழுதிவிடுவீர்கள். எடுத்த சதையைக் கழுவுவதற்கு முன்பே நிறுங்கள், ஏனென்றால் கழுவிய சதை தண்ணீரைக் குடித்து எடை கூடிவிடும். தலை, குடல், முள், தோல் விழும் தோங்குகளையும் (பீப்பாய்களையும்) நிறுத்து எழுதுங்கள். 1,500 கிலோ உள்ளே வந்து, 600 கிலோ சதை, 750 கிலோ கழிவு என்று கணக்கு நின்றால், காணாமல் போன 150 கிலோ இரத்தமாகவும் குடல் துணுக்காகவும் சதைத் துகளாகவும் கால்வாயில் போயிருக்கிறது. பெரிய சாதனம் வாங்குவதற்கு முன் குறைக்க வேண்டியது அந்த 150ஐத்தான். சாதனத்தின் விலையே அதற்குள் வரும் சுமையைப் பொறுத்தது.

அடுத்தது குடல் எடுக்கும் மேசை. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே குடல் எடுப்பது நம் கொட்டகைகளில் பழகிப்போன வேலை. தண்ணீரில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் குடலிலிருந்து புரதமும் கொழுப்பும் கரைந்துகொண்டே இருக்கும், கரைந்ததை எந்த வலையாலும் பிடிக்க முடியாது. மேசையில் ஒரு துளை, துளைக்குக் கீழே தோங்கு, குடல் நேராகத் தோங்கில் விழ வேண்டும். இரத்தத்தைத் தனி வாளியில் பிடியுங்கள். பிஓடியில் இரத்தத்துக்கு இணையான கழிவு கொட்டகையில் வேறில்லை.

வேலை முடிந்து தரை கழுவும்போது முதலில் ரப்பர் தள்ளியால் திடக்கழிவைக் கூட்டி அள்ளுங்கள். பிறகுதான் தண்ணீர். குழாய் நுனியில் கையை எடுத்தால் தானாக நிற்கும் துப்பாக்கி முனை போடுங்கள். வடிகால் வாயில் 5 மில்லிமீட்டர் துளைக் கூடையும், அதற்குப் பின்னால் 1 மில்லிமீட்டர் சல்லடையும் வேண்டும். இங்கே எப்போதும் நடக்கும் தவறு ஒன்று: கூடை அடைத்துக்கொண்டு தரையில் தண்ணீர் தேங்கினால் வேலையாள் கூடையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார், அன்றைய உழைப்பு முழுக்க கால்வாயில். ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு கூடை வாங்குங்கள். ஒன்றை எடுத்தால் மற்றது உடனே அந்த இடத்தில் உட்கார வேண்டும்.

சதை கழுவும் தண்ணீர்தான் உங்கள் தொழிலில் பெரும் பங்கு. ஒரு பங்கு சதைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று மூன்று முறை கழுவினால் கிலோவுக்கு 12 லிட்டர் போகிறது. 600 கிலோவுக்கு 7,200 லிட்டர். மூன்றாவது கழுவலின் தண்ணீரை அடுத்த தொகுதியின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்தலாம். அது ஐஸ் போட்ட தண்ணீராக, 10 பாகைக்குக் கீழே, அதே நாளுக்குள் பயன்படுவதாக இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி மீனைக் கெடவிடாமல் வாங்குவது. நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட்டுக் கொண்டுவந்த கெரிசிக்கு ஒன்று அல்லது இரண்டு கழுவல் போதும். மூன்றும் நான்கும் தேவைப்படுவது பழசான மீனின் நிறத்தையும் நாற்றத்தையும் போக்கத்தான். ஐஸில் மிச்சம் பிடிப்பவர் அதைத் தண்ணீரிலும் கழிவிலும் கட்டித் தீர்க்கிறார்.

கொழுப்புப் பொறி (கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்து நிறுத்தும் தொட்டி) வைத்தால், உச்ச ஓட்டத்தில் தண்ணீர் அதற்குள் அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். மணிக்கு 2 கன மீட்டர் ஓடினால் பொறி 1 கன மீட்டர். மேலே மிதக்கும் கொழுப்பும் அடியில் படியும் சேறும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டியதும் அள்ளிவிடுங்கள். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் கொழுப்பைக் கரைத்துப் பொறியைத் தாண்டவைத்துவிடும், அந்தப் பக்கம் ஆறியதும் அது மறுபடி உறையும். ஆகவே முதல் கழுவல் பச்சைத் தண்ணீரில் இருக்கட்டும். நல்ல தண்ணீரைக் கலந்து பிஓடி அளவைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், சுமையும் ஒரு கிராம் குறையாது.

கேள்வி: மீன் குடலை அப்படியே கெலி (கெளுத்தி) மீன் குட்டையில் போடலாமா?

பதில்: வேண்டாம். தின்னாமல் விட்டது குட்டையின் அடியில் அழுகி விடியற்காலையில் ஆக்ஸிஜனை இழுத்துவிடும். பச்சைக் குடலோடு ஒட்டுண்ணியும் நோய்க்கிருமியும் குட்டைக்குள் வரும், பல பச்சை மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கும் நொதியும் இருக்கிறது. வேகவைத்து, அரைத்து, தவிட்டோடு சேர்த்து, இருபது நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள்.

கேள்வி: ரப்பர் பால் உறைய வைக்கும் அசிட்டை ஊற்றி மீன் கழிவைக் கெடாமல் வைக்கலாம் என்கிறார்கள். எவ்வளவு ஊற்றுவது? பலமுறை செய்தும் நாறிப்போகிறது. (வாசகர், சித்தியவான்)

பதில்: பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பார்மிக் அமிலம்தான் இது. உலக உணவு, வேளாண்மை நிறுவனம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் முறை. மீன் கழிவு புளித்த குழம்பு போலாகி, மூடிய தோங்கில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். லோரி வராத நாளில் கழிவை ஆற்றில் கொட்டும் கட்டாயம் இதனால் நீங்குகிறது, எனவே சிறிய கொட்டகைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

கழிவு அன்றைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் துளைத் தட்டு வைத்த இயந்திரத்தில் அரையுங்கள். 100 கிலோவுக்கு 85 சதவீத அமிலம் என்றால் 3.5 கிலோ, ஏறக்குறைய 2.9 லிட்டர். 94 சதவீதம் என்றால் 3.2 கிலோ போதும். தோங்கின் அடையாளத் தாளில் சதவீதம் என்ன என்று பார்த்த பிறகே அளந்து ஊற்றுங்கள். நீல நிற பிளாஸ்டிக் தோங்கில் கொஞ்சம் அரைத்த கழிவு, கொஞ்சம் அமிலம் என்று மாற்றி மாற்றிப் போட்டு அடிவரை கிண்டுங்கள். அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாளில் 4க்குக் கீழே வர வேண்டும். நம் வெப்பத்தில் சில நாளிலேயே குடலில் உள்ள நொதிகள் சதையைக் கூழாக்கிவிடும். முதல் வாரம் தினமும் ஒரு தடவை கிண்டுங்கள்.

உங்களுக்கு நாறிப்போவதற்கு மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். ஒன்று, அமிலத்தை மேலே ஒரேயடியாக ஊற்றிவிட்டு நன்றாகக் கிண்டாதது. அமிலம் படாத ஒரு கையளவு இடம் போதும், அங்கே தொடங்கும் அழுகல் தோங்கு முழுக்கப் பரவும். இரண்டு, தலையும் முள்ளும் அதிகமாக இருந்தது. எலும்பில் உள்ள கால்சியம் அமிலத்தை முறித்துவிடும். முதல் நாள் 3.8 காட்டிய தாள் மறுநாள் 4.5 காட்டும். அதனால் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பிஎச் பார்த்து, ஏறியிருந்தால் 100 கிலோவுக்கு அரை கிலோ அமிலம் கூட்டிக் கிண்டுங்கள். மூன்று, அரைக்காமல் முழுத் தலையாகப் போட்டது.

தோட்டக் கடைகளில் கந்தக அமிலமும் பால் உறைய வைக்க விற்கிறார்கள். இரண்டையும் கலக்கவே கூடாது. அடர் கந்தக அமிலம் பார்மிக் அமிலத்தோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்ஸைடு எழும், அதற்கு மணமே இல்லை. குளோரின் போட்டுக் கழுவிய தோங்கையும் நன்றாக அலசாமல் எடுக்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கண்ணாடி, நீளமான ரப்பர் கையுறை, காற்றோட்டமான இடம். தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

ஆன பிறகு மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிடுங்கள். கூழில் ஏறக்குறைய 2 முதல் 2.5 சதவீதம் நைட்ரஜன் இருக்கும். தென்னைக்கும் காய்கறிக்கும் 50 பங்கு தண்ணீரில் ஒரு பங்கு கலந்து, இலையில் படாமல் மண்ணில் ஊற்றலாம். தீவனமாக விற்பதானால் 2009ஆம் ஆண்டின் தீவனச் சட்டம் குறுக்கே வரும், முதலில் கால்நடைச் சேவைத் துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த வெற்றுக் குலை சும்மா கிடைக்கிறது. மீன் கழிவோடு சேர்த்து உரமாக்க என்ன அளவு? (தோட்டத் தொழிலாளர் கூட்டுறவு உறுப்பினர், தெலுக் இந்தான்)

பதில்: நல்ல ஜோடி. மீனில் நைட்ரஜன் மிகுதி, குலையில் கரிமம் மிகுதி. எடையில் ஒரு பங்கு மீனுக்கு, நார் நாராகக் கிழித்துப் பிழிந்த குலை 5 முதல் 6 பங்கு. முழுக் குலையாகப் போட்டால் ஒட்டாது, இடுக்கில் ஈ முட்டையிடும். அடியில் 30 செண்டிமீட்டர் நார் பரப்பி, கலவையை ஒன்றரை மீட்டர் உயரம் குவித்து, மேலே 20 செண்டிமீட்டர் வெறும் நாரால் மூடுங்கள். மீன் வெளியே தெரிந்தால் நாயும் பியாவாக்கும் (உடும்பும்) அன்றிரவே கிளறிவிடும். கையில் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு விழும் ஈரம் சரி. கூரை இல்லாமல் மழைக்காலத்தில் தொடங்காதீர்கள்.

நடுவில் வெப்பம் 55 பாகையைத் தாண்டி 15 நாளாவது நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து முறை புரட்டுங்கள். அம்மோனியா நெடி அடித்தால் நார் போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, ஈரம் அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள்: புரட்டாமல் மாதக்கணக்கில் கிடக்கும் குலைக் குவியல் காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. அந்த வண்டு நேராக இளஞ்செம்பனையின் குருத்துக்குத்தான் போகும். புரட்டும்போது வெள்ளைப் புழு கண்ணில் பட்டால் பொறுக்கி அழித்துவிடுங்கள், குவியலை மறுபடி சூடேற்றுங்கள்.

கேள்வி: இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுத்தால் நல்ல விலை என்கிறார்களே?

பதில்: வீட்டளவில் இறங்காதீர்கள். ஓட்டின் சுண்ணத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் புரதத்தைக் காஸ்டிக் சோடாவிலும் கரைக்க வேண்டும். அந்தக் கழிவுநீர் ஓட்டைவிடப் பெரிய தொல்லை. ஓட்டைக் காயவைத்து விற்றுவிடுங்கள்.

கேள்வி: சட்டம் போட்டால் மட்டும் கழிவு குறைந்துவிடுமா? பகலில் கொட்டுவதை இரவில் கொட்டுவார்கள், அவ்வளவுதானே? (ஆசிரியர், ஊத்தான் மெலிந்தாங்)

பதில்: "கொட்டாதே" என்று மட்டும் சொல்லும் சட்டத்துக்கு நீங்கள் சொல்லும் கதிதான் வரும். ஆனால் கழிவைக் குறைக்கவைத்த சட்டத்தின் உதாரணம் உங்கள் ஊர்ச் செம்பனை ஆலையிலேயே இருக்கிறது. 1977இல் வந்த கச்சா செம்பனை எண்ணெய் விதிமுறைகள் ஒரே நாளில் ஆலைகளை மூடவில்லை. பிஓடி வரம்பு 1978 ஜூலையில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம். அடுத்த ஆண்டு 2,000, பிறகு 1,000, 500, 250, கடைசியில் 1984 ஜனவரியில் 100. இந்த அட்டவணை முழுவதும் ஆலைகளுக்கு முன்கூட்டியே தெரியும். அனுமதிக் கட்டணத்தையும் சுமையோடு சேர்த்துக் கட்டினார்கள். முதல் ஆண்டில் வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு டன் பிஓடிக்கும் 100 ரிங்கிட் கட்ட வேண்டும், இரண்டாம் ஆண்டிலிருந்து வரம்பு கட்டாயம். குளம் வெட்டவும் முறையைக் கற்கவும் ஆலைகளுக்கு அவகாசம் கிடைத்தது, தள்ளிப்போட்டால் செலவும் ஏறியது. இந்த இரண்டும் சேர்ந்ததால்தான் அது பலித்தது.

மீன் தொழிலில் அலாஸ்காவைப் பாருங்கள். அங்கே பொல்லாக் மீனின் சினையை மட்டும் எடுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசிய காலம் உண்டு. 1990இல் அமெரிக்கா அதைத் தடை செய்தது. 1998இலிருந்து பிடித்த பொல்லாக், காட் மீன்களை வீசாமல் வைத்துக்கொள்ள வேண்டும், குறைந்தது 15 சதவீதமாவது பொருளாக்க வேண்டும் என்று விதி வந்தது. மீனை வீசக் கூடாது என்ற பாதி நல்ல விதி. 15 சதவீதம் என்ற பாதி மிகவும் பலவீனமானது, ஏனென்றால் பக்கச் சதையை எடுத்தாலே அந்த எண் நிறைந்துவிடும். தலைக்கும் முள்ளுக்கும் குடலுக்கும் அது எதையும் கட்டாயமாக்கவில்லை. அங்கேயே இன்னொரு விதி, கடலில் விடும் கழிவை அரை அங்குலத்துக்கு அரைக்கச் சொல்கிறது. அரைப்பதால் ஒரு கிராமும் குறைவதில்லை. துண்டு சிறிதாகிறது, தண்ணீரில் கரையும் பரப்பு கூடுகிறது. எதை அளக்கச் சொல்கிறோமோ அதைத்தான் தொழில் சரி செய்யும்.

நார்வே 1987இல் காட், ஹாடக் மீன்களை வீசுவதைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019 வரை படிப்படியாக, பிடித்த மீனைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. அந்த விதிகள் மீனைக் கரைவரை கொண்டுவரும். கரையில் கொட்டகைக்குள் நடப்பதற்குத் தனி விதி வேண்டும்.

நம் நாட்டில் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் குழாய் வாயில் நின்று பார்க்கின்றன. உள்ளே எவ்வளவு மீன் வந்தது, எவ்வளவு பொருளாகப் போனது, மிச்சம் எங்கே என்று அவை கேட்பதில்லை. எங்கள் கருத்தில், ஒவ்வொரு கொட்டகையும் எடைக் கணக்கு நோட்டு வைத்து உரிமம் புதுப்பிக்கும்போது காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனை, இன்னொரு மடங்கு அபராதத்தைவிட அதிகம் சாதிக்கும். 'காணாமல் போன' எடையின் வரம்பை ஆண்டுக்கு ஆண்டு குறைத்துக்கொண்டே போகலாம், செம்பனை ஆலைக்குச் செய்தது போலவே. கூடவே மீன் இறங்கும் துறையில் ஐஸ் அறையோடு ஒரு பொதுச் சேகரிப்பு இடம் வேண்டும். மீன்தூள் ஆலை புதிய கழிவைத்தான் வாங்கும். 5 கிலோ பச்சைக் கழிவிலிருந்து ஏறக்குறைய 1 கிலோ தூள்தான் வரும் என்பதால் 200 கிலோவுக்காக லோரி அனுப்ப மாட்டார்கள். பத்துக் கொட்டகையின் கழிவு ஓரிடத்தில் சேர்ந்தால் அனுப்புவார்கள். கொண்டுபோக இடம் இருக்கும்போது இரவில் ஆற்றுக்குப் போவதற்கு யாருக்கும் காரணம் இருக்காது.

கேள்வி: என் மகன் மீன் கொட்டகையில் வேலை செய்கிறான். கழிவுத் தொட்டிக்குள் இறங்கி அடைப்பு எடுக்கச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (வாசகி, பாகான் டத்தோ)

பதில்: இறங்கக் கூடாது, அம்மா. இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அழுகும் மீனிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் விழுவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. மூடிய இடங்களில் வேலை செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் நடைமுறை விதித்தொகுப்பு நம் நாட்டில் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஆள், எழுத்து மூலமான அனுமதி, வாயு அளக்கும் கருவி, வெளியே ஒரு காவலாள், இவை இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது. மறுத்தால் வேலை போகும் என்று மிரட்டினால் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையிடம் புகார் கொடுங்கள். அடைப்பை வெளியிலிருந்தே நீளக் கம்பியாலோ, கழிவு உறிஞ்சும் லோரியை வரவழைத்தோ எடுக்கலாம். தொட்டி வாயில் 1 மில்லிமீட்டர் சல்லடை போட்டுவிட்டால் அடைப்பு விழுவதே அரிதாகிவிடும்.